கொய்னாவும் கரியும்: கேமரன் மலையில் எடுத்த சில கறுப்பு வெள்ளைப் படங்கள்

"என்னாய்யா இது, என்னைய வெள்ளைக்காரியா ஆக்கிப்புட்ட?"

கேமராவின் திரையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு பாட்டி கேட்டார். தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட்டுக்கு இறங்கும் சாலையில், ஒரு தேயிலைச் சரிவின் ஓரம் அவரை நிற்க வைத்து எடுத்த படம். படத்தில் தேயிலை முழுக்க வெள்ளை. வானம் கிட்டத்தட்ட கறுப்பு. நடுவில் பாட்டி, மெழுகில் செய்து வைத்ததுபோல வெளிறிப்போய் நிற்கிறார். போட்டிருந்த கறுப்பு ரவிக்கை வெளிர்ச் சாம்பலாகியிருந்தது. காலையில் குளித்துவிட்டு வைத்த குங்குமத்தைக் காணவே இல்லை.

"பொட்டு எங்க? ஒன் தாத்தா வீட்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. பொட்டில்லாம படம் எடுத்து வச்சிருக்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கேமராவைத் திருப்பிக் கொடுத்த விதத்தில் சிரிப்பு இல்லை. பாட்டிக்கு 88 வயது. இந்த மலையில் கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். அந்தத் தேயிலைக்கு நடுவே அவரை நிற்க வைத்து ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. நான் எடுத்ததில் தேயிலை அழகாக வந்துவிட்டது, பாட்டிதான் வரவில்லை.

அது அகச்சிவப்புப் படம். டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடி இருக்கும். ஒரு பழைய கேமராவில் அதைக் கழற்றிவிட்டு, லென்ஸின் முன் கருஞ்சிவப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டியிருந்தேன். 720 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளத்தை அது உள்ளே விடாது. நம் கண் ஏறக்குறைய 700 வரைதான் பார்க்கும். ஆக, கண் பார்க்காத ஒளியை மட்டும் வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.

*

இலை ஏன் வெள்ளையாகிறது? 1910-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இப்படிப்பட்ட நிலக்காட்சிப் படங்களை லண்டனில் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் முன் வைத்தார். வெயிலிலும் நிமிடக்கணக்கில் பிளேட்டைத் திறந்து வைத்து எடுத்த படங்கள். மரங்கள் எல்லாம் பனி மூடியதுபோல் இருந்தன. இலை அப்படி வெளுப்பதற்கு இன்றைக்கும் 'வுட் விளைவு' என்றுதான் பெயர். மரத்துக்கு ஆங்கிலத்தில் வுட் என்பதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த மனிதரின் பெயர்.

காரணம் எளிது. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கும், அகச்சிவப்பைத் தொடாது. அந்த ஒளி இலைக்குள் புகுந்து, உயிரணுக்களுக்கும் அவற்றுக்கிடையே உள்ள காற்று இடைவெளிகளுக்கும் நடுவே முட்டி மோதிச் சிதறி, ஏறத்தாழப் பாதி வெளியே திரும்பி வருகிறது. தே தாரிக்கின் மேலே நிற்கும் நுரை, கீழே இருக்கும் தேநீரைவிட வெளுத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான். எண்ணற்ற குமிழிகளில் ஒளி மோதிச் சிதறுகிறது. அகச்சிவப்புக்கு ஒரு தேயிலைச் சரிவு என்பது நுரை படிந்த மலை.

வானம் கறுப்பாவது வேறு கணக்கு. காற்று மூலக்கூறுகள் நீலத்தை அதிகம் சிதறடிக்கும். அலைநீளம் கூடக்கூட, அதன் நான்காம் அடுக்கில் சிதறல் குறைந்துகொண்டே போகும். அகச்சிவப்புக்கு வந்து சேரும்போது வானம் அனுப்ப ஒளியே அதிகம் மிச்சமிருக்காது.

தோல்? நம் தோலைக் கறுப்பாக்கும் மெலனின் குறைந்த அலைநீளங்களை நிறைய விழுங்கும். சிவப்பைத் தாண்டிவிட்டால் அதன் பிடி தளர்ந்துவிடும். அங்கே கறுத்தவர், சிவந்தவர் என்ற வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோகிறது. குங்குமச் சிவப்பும் ரவிக்கையின் கறுப்புச் சாயமும்கூட அகச்சிவப்பை விழுங்காமல் விட்டுவிடுகின்றன. பாட்டியை யாரும் வெள்ளைக்காரியாக்கவில்லை. அந்த ஒளியில் எல்லோரும் ஒரே மெழுகுதான்.

*

அன்றைக்கு என் பையில் இன்னொரு ஃபில்டரும் இருந்தது. போலரைசர். பாடப்புத்தகத்தில் 'தளவிளைவு' என்று படித்திருப்போமே, அதை வைத்து வேலை செய்வது. பளபளப்பான பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். போலரைசரைத் திருப்பித் திருப்பி அந்தத் தளத்துக்குக் குறுக்கே நிறுத்தினால் பளபளப்பு மட்டும் அடங்கிவிடும்.

சாதாரணக் கறுப்பு வெள்ளையில் தேயிலைக்கு இது அருமையான கருவி. தேயிலையின் முகப்பில் மெழுகுப் பூச்சு உண்டு. உச்சி வெயிலில் ஒவ்வொரு இலையும் சின்னக் கண்ணாடியாக மின்னும். போலரைசரைத் திருப்பினால் மினுக்கம் போய் இலை நிதானமான கருஞ்சாம்பலாகும். வானத்து ஒளியும் இப்படித்தான். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் அது அதிகமாகத் தளவிளைவுற்றிருக்கும். கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு நாலரை பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில், கடிகாரம் மதியம் ஒன்றேகால் காட்டும்போது சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். அப்போது செங்குத்தான திசை என்பது சுற்றிலும் உள்ள தொடுவானம் முழுவதும். அங்கிருந்து வரும் ஒளி கிடையாக அதிரும். இலையிலிருந்தும் ஏரியிலிருந்தும் தெறிப்பதும் பெரும்பாலும் கிடையாகத்தான். ஃபில்டரை ஒரு தடவை திருப்பினால் மலைக்கு மேலுள்ள வானமும் இலையின் மினுக்கமும் ஒன்றாக அடங்கும். குளிர்நாட்டுக்காரனுக்கு இந்த வசதி இல்லை.

இதையே அகச்சிவப்புக் கேமராவிலும் போட்டுப் பார்த்தேன். வானம் இன்னும் கறுக்கும், பாட்டியின் முகத்து மெழுகுப் பளபளப்பாவது குறையும் என்று நினைத்தேன். எவ்வளவு திருப்பியும் ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று குறுக்கே வையுங்கள். கண்ணுக்கு இருட்டாகிவிடும். அதன் பின்னால் டிவி ரிமோட்டை வைத்து அமுக்கி, கைபேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். பல கைபேசிகளில் ரிமோட்டின் நுனி விட்டுவிட்டு ஒளிர்வது அந்த இருட்டையும் தாண்டித் தெரியும். கடையில் கிடைக்கும் போலரைசர்களில் பெரும்பாலானவை 750, 800 நானோமீட்டர் அளவோடு வலுவிழந்துவிடும். அதற்கு அப்பால் அவை வெறும் கண்ணாடி மாதிரி. அகச்சிவப்புக்கென்றே செய்த போலரைசர்கள் உண்டு, ஆய்வுக்கூட விலையில். அதை வாங்கி மாட்டினாலும் இலையில் பெரிய மாற்றம் வராது. இலை முகப்பின் மினுக்கம் சில சதவீதம்தான். உள்ளேயிருந்து சிதறி வரும் பாதி ஒளிக்கு முன் அது ஒரு பொருட்டே இல்லை. வானமும் ஏற்கெனவே கறுப்பு. பலன் தெரிவது தண்ணீரில். அகச்சிவப்பில் ஏரி மை மாதிரி இருக்கும், அதன்மேல் தெரிவதெல்லாம் தெறித்த ஒளி மட்டுமே. அதை வேண்டுமானால் அடக்கலாம்.

ஏன் 750-க்கு மேல் வலுவிழக்கிறது? அந்தக் கேள்வி என்னை எதிர்பாராத ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டது. தோட்டத்துக் கொய்னாவில்.

*

1852-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர் வில்லியம் ஹெராபத் ஒரு விசித்திரமான படிகத்தைக் கண்டார். அவருடைய மாணவர் ஒருவர், குயினைன் கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடினை விட்டபோது பச்சை நிற ஊசிப் படிகங்கள் உருவாகின. நுண்ணோக்கியில் இரண்டு படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. ஒளியைத் தளவிளைவுறச் செய்யும் படிகம் அது. ஆனால் தொட்டால் நொறுங்கும். பெரிதாக வளர்க்க முடியாது.

எழுபத்தைந்து வருடம் கழித்து எட்வின் லேண்ட் என்ற அமெரிக்க இளைஞர் வழி கண்டார். பெரிய படிகம் எதற்கு? கோடிக்கணக்கான நுண்படிகங்களைப் பிசினில் கலந்து எல்லாவற்றையும் ஒரே திசையில் படுக்க வைத்தால் போதுமே. 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உலகின் முதல் தகடு போலரைசர் அதுதான். அதற்குள் இருந்தது குயினைனும் அயோடினும். 1938-இல் குயினைனை விட்டுவிட்டார். இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் தாளில் அயோடினை ஏற்றினார். அந்த அயோடின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் தளம் பார்த்து விழுங்கும், அகச்சிவப்பை விட்டுவிடும். இன்றைக்கும் கேமராக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வம்சம்தான்.

குயினைன் என்பதுதான் நம் ஆட்கள் சொன்ன கொய்னா. 1860-களில் பிரிட்டிஷார் சின்கோனா மரத்தைத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் நட்டார்கள். இலங்கையில் 1869-இல் காப்பிச் செடியை இலைநோய் பிடித்து, காப்பி அழியத் தொடங்கியபோது துரைமார் முதலில் தாவியது சின்கோனாவுக்கு. அதன் விலை சரிந்த பிறகுதான் மலை முழுக்கத் தேயிலை. காப்பியோ சின்கோனாவோ தேயிலையோ, வேலை செய்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். மலாயாவின் சமவெளி ரப்பர்த் தோட்டங்களில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனபோது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதும் அதே கொய்னாதான். பாட்டியின் அப்பா முதலில் இறங்கியது அப்படி ஒரு ரப்பர்த் தோட்டத்தில். காலையில் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்துக் கொய்னாத் தண்ணி கொடுப்பார்களாம். "கசப்புன்னா அப்படி ஒரு கசப்பாம். துப்பிட்டா கங்காணி அடிப்பாருன்னு அப்பா சொல்லும்."

லேண்ட் விண்ணப்பித்த அதே 1929-இல்தான் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தோட்ட அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நிலஅளவையாளர் குறித்துவிட்டுப் போன மலை. 1925-க்குப் பிறகு ஜார்ஜ் மேக்ஸ்வெல்லின் முயற்சியில் மலைவாசத்தலமாக வளரத் தொடங்கியது. தாப்பாவிலிருந்து சாலை போடப்பட்டது. காட்டை அழித்துத் தேயிலை நட சமவெளியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். லேண்ட் குயினைனைக் கைவிட்ட 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, தேதிகள்தான் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன. ஆனால் கையிலிருக்கும் ஃபில்டரின் முன்னோர் எந்த மலையில் பயிரானார் என்று தெரிந்த பிறகு அதை வெறும் கண்ணாடியாகப் பார்க்க முடியவில்லை.

*

இன்னொரு கேமரனும் இந்தக் கதையில் உண்டு. ஜூலியா மார்கரெட் கேமரன், 19-ஆம் நூற்றாண்டின் பெரும் உருவப்படக் கலைஞர்களில் ஒருவர். மலைக்குப் பெயர் தந்தவருக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். 1875-இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் மலைநாட்டில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அந்த நான்கு வருடத்தில் தன்னைச் சுற்றியிருந்த சிங்கள, தமிழ் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

அந்தப் படங்களை இணையத்தில் பார்க்கலாம், பாருங்கள். அவர் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் பிளேட். அதற்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்பு தெரியாது. சிவப்புக் குங்குமம் அதில் கரியாகும். மெலனின் அதிகம் விழுங்குவதும் இந்த நீலத்தைத்தான் என்பதால், கறுத்த தோல் நிஜத்தைவிட இன்னும் கறுத்து விழும். இலையும் கறுக்கும், வானம் வெளுக்கும். என் அகச்சிவப்புப் படத்துக்கு நேர் எதிர். பிளேட்டைச் சிவப்பு நோக்கி இழுக்கும் சாய வித்தையை ஹெர்மன் ஃபோகல் 1873-இல் கண்டுபிடித்துவிட்டாலும், எல்லா நிறத்தையும் பார்க்கும் பிளேட் கடைக்கு வர 1906 ஆயிற்று. ஜூலியா பார்த்த தமிழ் முகம் வேறு, அவருடைய பிளேட் பார்த்த தமிழ் முகம் வேறு.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் அவர் எடுத்த டென்னிசன், டார்வின் படங்களுக்குப் பெயர் இருக்கிறது. இலங்கைப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. ஒரு படத்தின் தலைப்பே 'களுத்துறைக் குடியானவர்கள் கூட்டம்' என்ற பொருளில்தான் இருக்கிறது.

அவர் இங்கிலாந்தில் படமெடுத்தவர்களில் ஜான் ஹெர்ஷல் ஒருவர். நெருங்கிய நண்பர். போட்டோகிராபி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அவருடைய அப்பா வில்லியம் ஹெர்ஷல்தான் 1800-இல் பட்டகத்தின் சிவப்புக்கு வெளியே வெப்பமானியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைக் கண்டறிந்தவர். மகன் 1840-இல் அதைப் படமாகவே காட்டினார். தாளில் கரியைப் பூசி, சாராயத்தில் நனைத்து, பட்டக ஒளியை விழ வைத்தார். அகச்சிவப்பு பட்ட இடங்கள் முதலில் உலர்ந்து தடம் காட்டின. அந்தக் கரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

பாட்டியின் முதல் படம் 1948-இல் எடுத்தது. அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. படமும் பெருவிரல் ரேகையும் கட்டாயம். பாட்டிக்கு அப்போதுதான் 12 நிறைந்திருந்தது. "தொரை பங்களா முன்னுக்கு ஒரு பெஞ்சு போட்டு, வரிசையா ஒக்கார வச்சி எடுத்தாங்க. கண்ண சிமிட்டக்கூடாதுன்னு ஒரே சத்தம்." கம்யூனிஸ்டுகளைப் பிரித்தெடுப்பதற்காக எடுத்த படம். அந்த அட்டை இப்போது இல்லை. படத்தின் இன்னொரு பிரதி தகரப்பெட்டியில் இருக்கிறது. கறுத்து, கண்கள் மட்டும் தெரிகிற ஒரு சிறுமி. அட்டையில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள். அந்தத் தப்பான பெயர்தான் இன்றுவரை ஐசியில் இருக்கிறது.

அடுத்த முறை போனபோது மூன்று பிரிண்ட் கொண்டுபோனேன். ஒன்று அந்த அகச்சிவப்புப் படம். இரண்டாவது, சாதாரணக் கறுப்பு வெள்ளையில் போலரைசர் மாட்டி எடுத்தது. மூன்றாவது எந்த ஃபில்டரும் இல்லாமல் எடுத்தது. இரண்டாவதைத்தான் நான் பெருமையாக நீட்டினேன். இலையில் மினுக்கமில்லை, வானம் அழுத்தமாக இருந்தது, பொட்டும் இருந்தது. பாட்டி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூஞ்சில களையே இல்லையே. சீக்காளியாட்டம் இருக்கேன்."

சரிதான். போலரைசர் இலையின் மினுக்கை எடுத்த கையோடு முகத்து வேர்வையின் மினுக்கையும் எடுத்துவிட்டது. மூன்றாவது படத்தில் இலை கண்ணைக் கூசுகிறது, வானம் வெளுத்துக் கிடக்கிறது, முகத்தில் வெயில் இருக்கிறது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அகச்சிவப்புப் படத்தைத் திரும்பப் பைக்குள் போடப்போனேன். வீட்டில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணில் பட்டது நினைவுக்கு வந்தது. பாட்டியின் வலது முன்கையில் பச்சை குத்தியிருக்கும். எங்களுக்கெல்லாம் அது ஒரு நீலக் கறை. வயதும் வெயிலும் சேர்ந்து தோலோடு கரைத்துவிட்ட ஒன்று. அகச்சிவப்பில் தோல் வெளுத்தது, பச்சை வெளுக்கவில்லை. அந்தக் காலத்துப் பச்சை விளக்குக் கரியில் குத்துவது. கரி அகச்சிவப்பையும் விழுங்கும். ஜான் ஹெர்ஷல் தாளில் பூசியதும் கரிதான். 2018-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஐயாயிரம் வருடத்து எகிப்திய உடல் ஒன்றின் கையில், வெறும் கறை என்று நினைத்திருந்ததை அகச்சிவப்பில் எடுத்தபோது ஒரு காளையும் ஆடும் தெரிந்தன. பாட்டியின் கையில் தெரிந்தவை எழுத்துகள். கோணல்மாணலான நாலு தமிழ் எழுத்து. ஐசியில் இல்லாத, வீட்டில் கூப்பிடுகிற பெயர்.

காட்டினேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விரலால் எழுத்து எழுத்தாகத் தடவினார்.

"ஜப்பான்காரன் காலத்துல எங்கம்மா குத்தச் சொன்னது. அப்ப யாரு எப்பக் காணாமப் போவாங்கன்னு தெரியாது. புள்ள தொலஞ்சிட்டா எவளாச்சும் படிச்சிப் பாத்துக் கொண்டாந்து விடுவான்னு."

தன் கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு படத்தில் இருந்த கையை.

"படிச்சிக் காட்டு" என்றார். படித்தேன்.

மூன்றாவது படம் இப்போது கூடத்தில் தாத்தாவின் நாற்காலிக்கு மேலே மாட்டியிருக்கிறது. பொட்டில்லாத படத்தைச் சுவரில் மாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அது தகரப்பெட்டியில், 1948-ஆம் வருடத்துப் படத்தோடு இருக்கிறது.